இரும்பை மாகாளமும் ஒரு பெட்டைக்கோழியும்

மாகாளம் என்னும் திருப்பெயர் பூண்ட சிவத்தலங்கள் மூன்று என்று பெரியோர் சொல்வர். வடக்கே உஜ்ஜயினி மாகாளம், சோழநாட்டில் அம்பர் மாகாளம், தொண்டைநாட்டில் இரும்பை மாகாளம். இம்மூன்றனுள் கடைசியாகச் சொன்ன இரும்பை, விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தைச் சேர்ந்தது. புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகும் நெடுஞ்சாலையில் சிறிது தூரம் சென்று கிளைச்சாலையில் திரும்பினால் ஊர் வந்துவிடும். திருஞானசம்பந்தப் பெருமான் பாடிய பதிகம் இரண்டாம் திருமுறையில் உள்ளது. சுவாமி மாகாளேசுவரர். அம்மை குயில்மொழி நாயகி. பறவையின் குரலைப் பெயராகக் கொண்ட அம்மை வீற்றிருக்கும் தலம் இது என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பின்னால் பறவை ஒன்று வரப்போகிறது.

இத்தலத்துக் கருவறையில் தீபாராதனை காட்டும்போது ஒன்றைக் கவனிக்கலாம். சிவலிங்கத் திருமேனி செப்புத் தகட்டினால் பிணைக்கப்பட்டிருக்கும். அதற்குத் தலவரலாறு கூறும் காரணம் இது: கடுவெளிச் சித்தர் இங்கே அரசமரத்தடியில் அமர்ந்து தவமியற்றினார். உடலைப் புற்று மூடியும் தவம் கலையவில்லை. நாட்டில் மழை பொய்த்தது. சித்தரின் தவக்கனலே காரணம் என்று எண்ணிய மன்னன், வள்ளி என்னும் தேவதாசியைக் கொண்டு அவர் தவத்தைக் கலைத்தான். பின்னர் ஒரு விழாவில் அவள் ஆடும்போது காற்சிலம்பு கழன்று விழுந்தது. ஆட்டத்தின் தாளம் கெடலாகாதே என்று சித்தர் அதை எடுத்து அவள் காலில் பூட்டினார். கூடியிருந்தோர் நகைத்தனர். சினந்த சித்தர் பாட, லிங்கம் மூன்றாகப் பிளந்தது. மன்னன் காலில் விழுந்து மன்றாட, மறுபடியும் பாடினார். பிளந்த துண்டுகள் ஒன்றாகச் சேர்ந்தன. சேர்ந்த திருமேனியையே செப்புத் தகட்டால் கட்டி இன்றளவும் பூசித்து வருகிறார்கள்.

பின்னமான மூர்த்தியை நீக்கிவிட்டு வேறு மூர்த்தியைப் பிரதிட்டை செய்வதே பொதுவிதி என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே அப்படிச் செய்யவில்லை. உடைந்ததை ஒட்டி, கட்டுப்போட்டு, அதற்கே அபிடேகம் செய்கிறார்கள். இந்தச் சந்நிதியில் நின்று வந்த எவரும் உடைந்த பொருளை எளிதில் தூக்கி எறிய மாட்டார்கள் என்பது என் துணிபு. இதற்குச் சான்றாக என்னிடம் இருப்பது ஒரு கோழியின் கதைதான்.

என் தமக்கையார் இரும்பையை அடுத்த சிற்றூரில் தனியே வசிக்கிறார். வயது எழுபத்து நான்கு. பிள்ளைகள் வெளியூரில். அத்திம்பேர் காலமான பிறகு புலால் உண்பதை அறவே விட்டுவிட்டார். ஆனால் கோழி வளர்ப்பதை விடவில்லை. ஆறேழு நாட்டுக்கோழிகள் எப்போதும் புழக்கடையில் மேய்ந்துகொண்டிருக்கும். முட்டை விற்ற காசு பிரதோஷத்துக்குப் பூவும் பாலும் வாங்கக் காணும். சென்ற பங்குனியில் நான் பிரதோஷ தரிசனத்துக்காக அங்கே போயிருந்தபோது, கருநிறப் பெட்டை ஒன்று பதினொரு குஞ்சுகளோடு திரிந்தது. குஞ்சுகள் பொரித்துப் பன்னிரண்டு நாள்கூட ஆகியிருக்கவில்லை.

மறுநாள் காலை அந்தப் பெட்டை கூட்டை விட்டு வெளியே வரவில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கழுத்தை உள்ளிழுத்து, கண்ணை மூடி நின்றது. கொண்டை வெளிறியிருந்தது. குஞ்சுகள் சுற்றி நின்று கத்தின. அரிசியைத் தூவினால் ஒரு மணியைக் கொத்திவிட்டுக் கீழே போட்டது. பக்கத்து வீட்டு இளைஞன் எட்டிப் பார்த்து, "பெரியம்மா, இது தேறாது. இன்னைக்கே அறுத்துட்டா கறியாவது மிஞ்சும்" என்றான். அவன் கெட்டவன் அல்லன். கிராமத்தில் நோய்ப்பட்ட கோழிக்குக் காலகாலமாகச் சொல்லும் வைத்தியம் அதுதான். முற்பகலில் கோழி வியாபாரி வந்தான். பாதி விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். அக்காள் இடைகழியில் அமர்ந்தபடியே, "சீக்குக் கோழிய வித்த காசு உண்டியல்ல போடக்கூட ஆவாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதன்பின் அவர் செய்ததைத்தான் விரித்து எழுத விரும்புகிறேன். வீட்டில் கோழி வளர்க்கும் அன்பர்கள் பலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்பதை உங்கள் கடிதங்களால் அறிவேன்.

முதற்காரியமாக அதைப் பஞ்சாரத்துக்குள் வைத்தார். மூங்கிற்கூடையால் கவிழ்த்து மூடுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. நோய் தொற்றும் வகையினதாக இருந்தால் மற்றவற்றுக்குப் பரவாது என்பது ஒன்று. கோழிக்கூட்டத்தில் தளர்ந்துபோன ஒன்றை மற்றவை கொத்தும் என்பது இன்னொன்று. நேற்றுவரை உடன் மேய்ந்தவைதான், ஆனால் நிற்க முடியாமல் ஒன்று ஓரமாக ஒதுங்கினால் தலையிலேயே கொத்தும். பஞ்சாரத்தின் இடுக்கு வழியே குஞ்சுகள் தாயைக் காணலாம், அதன் குரலையும் கேட்கலாம். இந்தக் குரல் சாதாரணமானதன்று. இருபத்தொரு நாள் அடைகாத்தலின் கடைசி ஓரிரு நாளில், ஓட்டுக்குள் இருக்கும்போதே குஞ்சு தாயின் கொக்கரிப்புக்குப் பதில் குரல் கொடுக்கத் தொடங்கிவிடும். பிறப்பதற்கு முன்பே பழகிய குரல் அது.

அடுத்தது வெப்பம். கோழியின் இயல்பான உடற்சூடு ஏறத்தாழ 106 டிகிரி பாரன்ஹீட். நமக்கு அது கடுஞ்சுரம், அதற்கு அது ஆரோக்கியம். உண்ணாத கோழி அந்தச் சூட்டைக் காக்க இயலாமல் விரைவில் நலிந்துவிடும். அக்காள் வைக்கோலைக் கனமாகப் பரப்பி, மேலே பழைய சாக்கைப் போட்டு, காற்றுப் புகாத மூலையில் கூடையை நகர்த்தினார். இரவில் குஞ்சுகளைத் தனியே அட்டைப்பெட்டியில் விட்டு, அதன்மேல் அறுபது வாட்டு குண்டு பல்பைத் தொங்கவிட்டார். தாயின் சிறகுக்கு அது ஈடாகாதுதான். ஆயினும் குளிரில் ஒன்றும் விறைத்துப்போகவில்லை.

பிறகு தண்ணீர். வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்த வெதுவெதுப்பான நீரைப் பஞ்சில் நனைத்து, அலகின் பக்கவாட்டில் சொட்டுச் சொட்டாக விட்டார். அலகைப் பிளந்து தொண்டைக்குள் ஊற்றலாகாது. மூச்சுக்குழல் நாவின் அடியிலேயே திறந்திருப்பதால் நீர் நுரையீரலுக்குள் போய்விடும். பாசத்தினால் சங்கில் பால் புகட்டுவதுபோல் புகட்டிப் பிழைக்கவேண்டிய கோழியைக் கொன்றவர்கள் உண்டு.

இவ்வளவும் செய்துவிட்டு விடியலில் அக்காள் ஒன்றைச் சோதித்தார். அதைக் கண்டு நான் வியந்தேன். பெட்டையை மடியில் வைத்து மார்பின் வலப்புறத்தை விரலால் தடவினார். அங்கேதான் தீனிப்பை இருக்கிறது. கோழிக்குப் பல் இல்லை. கொத்தியதெல்லாம் முதலில் தீனிப்பையில் தங்கி ஊறும், பின்பு கீழிறங்கி அரைவைப்பையில் சிறு கற்களோடு சேர்ந்து அரைபடும். மாலையில் தீனிப்பை புடைத்திருப்பது இயல்பு. இரவு முழுவதும் கடந்து விடியலிலும் அது புடைத்துக் கெட்டியாக இருந்தால் அடைப்பு என்று பொருள். "தம்பி, நீ தொட்டுப் பாரு. கொழுக்கட்டை மாதிரி இருக்கு" என்றார். அப்படித்தான் இருந்தது.

நல்லெண்ணெய் நாலைந்து சொட்டு அலகோரம் விட்டு, மிக மெதுவாகப் பிசைந்து பார்த்தார். அன்று மாலைவரை இளகவில்லை. தலைகீழாகப் பிடித்து உதறலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அதைச் செய்யவே கூடாது. உள்ளே ஊறியது மேலேறி மூச்சை அடைத்துவிடும். அடுத்த நாள் காலை கூடையோடு தூக்கிக்கொண்டு ஆட்டோவில் அரசுக் கால்நடை மருந்தகத்துக்குப் போனோம். ஆட்டோவுக்குக் கொடுத்த காசு கோழியின் விலையில் பெரும்பகுதி என்பதை நான் மனத்துக்குள் கணக்கிட்டேன். அக்காள் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

மருத்துவர் இளம்பெண். தொட்டுப் பார்த்தவுடன், "திறந்துதான் எடுக்கணும் பாட்டி, பயப்படாதீங்க" என்றார். மார்பில் சில இறகுகளைப் பறித்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஓர் அங்குல அளவுக்குத் தோலையும் தீனிப்பையையும் கீறினார். உள்ளிருந்து வந்தது புல்லும் நெல்லும் சுற்றிச் சுருண்ட ஓர் உருண்டை. அதைக் கிடுக்கியால் பிரித்தார். நடுவே நரம்பாக ஓடிக்கொண்டிருந்தது வெள்ளை நைலான் நூல்.

"பூக்கட்டின நூல்" என்றார் மருத்துவர். உப்புநீரால் பையைக் கழுவி, முதலில் பைக்கும் பிறகு தோலுக்கும் தனித்தனியே தையல் போட்டார். அந்த நூலைக் கழுவித் தரும்படி அக்காள் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து முழம் போட்டுப் பார்த்தார். ஒன்றரை முழம்.

அது எங்கிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. பூசையறைப் படங்களுக்குச் சாற்றும் சரங்களை மறுநாள் களைந்து புழக்கடை வாழைமரத்தடியில் போடுவது அவ்வீட்டு வழக்கம். கால் படாத இடத்தில் நிர்மாலியத்தைச் சேர்க்கவேண்டும் என்று நம் முன்னோர் விதித்ததற்கு இணங்க, தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் காரியந்தான். அந்தக் காலத்துச் சரம் வாழைநாரால் தொடுத்தது. பூ வாடும், நார் மக்கும், மரத்துக்கே உரமாகும். சிவாலயங்களில் நிர்மாலியத்துக்கு உரிமை சண்டேசுவரருக்கு. அவர் சந்நிதியில் புடவை நூலைக்கூடப் பிய்த்துப் போடாதீர்கள் என்று இப்பகுதியில் முன்பொருமுறை எழுதியபோது வந்த பாராட்டுக் கடிதங்கள் நினைவுக்கு வருகின்றன. இந்த நைலான் நூலையோ நம்மில் எவரும் கண்டுகொள்வதில்லை. அது மக்காது. வாடிய மல்லிகைக்குள் புழுவைத் தேடிக் கொத்தும் கோழி நூலின் ஒரு முனையை விழுங்கினால் முழுவதையும் விழுங்கியாகவேண்டும், நடுவில் கடித்துத் துண்டிக்க அதற்குப் பல் கிடையாது. கோயில் நந்தவனத்து மூலையில் குவியும் மாலைகளை மேயும் பசுவும் ஆடும் இதற்கு விலக்கல்ல. பசுவுக்கு அகத்திக்கீரை கொடுக்கப் போகும் அன்பர்கள், அது நின்று மேயும் இடத்தில் என்ன கிடக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், அறுபத்து நான்கு படலங்களுள் 47ஆவது, கரிக்குருவிக்கு உபதேசம் செய்த படலம். முற்பிறவித் தீவினையால் கரிக்குருவியாகப் பிறந்த ஒருவனைக் காகம் முதலிய பறவைகள் கொத்திக் கொத்தித் துரத்தின. தலையில் குருதி ஒழுக, அது காட்டுக்குள் ஒரு மரக்கிளையில் ஒடுங்கியது. கீழே சிவயோகி ஒருவர் மதுரையின் பெருமையைச் சொல்லக் கேட்டு, பறந்து வந்து பொற்றாமரையில் மூழ்கி ஆலவாயானை வழிபட்டது. பெருமான் மிருத்தியுஞ்சய மந்திரத்தை உபதேசித்து, வலியான் என்று பெயரும் சூட்டினார். இதற்கு முந்திய 45ஆம் படலத்தில் தாயிழந்த பன்றிக்குட்டிகளுக்கு இறைவனே தாயாகிப் பால் கொடுக்கிறான். 48இல் நாரைக்கு முத்தி. மனிதரிடையே நிகழ்ந்த அற்புதங்களுக்குக் குறைவில்லாத புராணத்தில், இம்மூன்றையும் ஏன் இவ்வளவு நெருங்க வைத்தார் முனிவர் என்று நான் நெடுநாள் எண்ணியதுண்டு. பஞ்சாரத்துக்கு வெளியே நின்று, நோயுற்ற பெட்டையைக் கொத்த அலகை நீட்டிய சேவலைக் கோலால் விரட்டிக்கொண்டிருந்த அக்காளைப் பார்த்தபோது, கரிக்குருவியின் கதை படித்த கதையாகத் தோன்றவில்லை.

கோழியைத் தாழ்வாக எண்ணும் வழக்கம் நம்மிடம் பின்னால் வந்தது. சூரபதுமன் மாமரமாகி நின்று வேலால் இருகூறாகி, மயிலும் சேவலுமானதைக் கந்தபுராணம் அறிந்த நாம் சொல்லவேண்டியதில்லை. சோழர் தலைநகரான உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர். யானையைக் கோழி பொருது வென்ற நிலம் என்பதால் அங்கே நகரெடுத்தார்கள் என்பர். வைணவர்களும் அந்தத் திவ்யதேசத்தைத் திருக்கோழி என்றே வழங்குவர். பழந்தமிழில் வாரணம் என்ற சொல் யானைக்கும் கோழிக்கும் பொது என்பதை எண்ணி மகிழலாம்.

இனி நோயாளிக்கு வருவோம். தையல் போட்ட அன்று நீர் மட்டும். மறுநாள் முதல் கேழ்வரகுக் கஞ்சியைத் தயிர் விட்டுக் கரைத்து, ஒருவேளைக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் நாலைந்து வேளை. முழு தானியம் கிடையாது. புல் கிடையாது. நம் வெயிலில் புண்ணை நாடி ஈ வந்துவிடும், முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். ஆகையால் மருத்துவர் தந்த களிம்பைத் தையல்மீது தடவி, சுற்றிலும் வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சளைப் பூசினார். கூடைமேல் பழைய கொசுவலைத் துண்டு. வைக்கோலை நாள்தோறும் மாற்றினார். எச்சத்தைப் பார்த்தே உள்நிலையை அறியலாம் என்பது அவர் அனுபவம். முதல் இரண்டு நாள் வெறும் பச்சைநீராகப் போயிற்று. அது பட்டினியின் அடையாளம். மூன்றாம் நாள் திரண்ட எச்சத்தைக் கண்டபோது, பேரப்பிள்ளை தேர்வில் தேறிய செய்தி கேட்டதுபோல் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒவ்வொரு முறையும் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அவர் பூசையறைக்குள் போகவில்லை. இதில் மடியைக் காட்டிலும் சுகாதாரம் முக்கியம்.

நான்காம் இரவுதான் கடினமாக இருந்தது. கோழி தலையைத் தொங்கவிட்டுவிட்டது. அக்காள் அதை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நான் ஏதோ ஆறுதலாகச் சொல்லப் போனேன். "போயிட்டா போவட்டும் தம்பி. நம்ம வீட்டு நூலால தனியாக் கெடந்து போவக்கூடாது. அவ்வளவுதான்" என்றார். நள்ளிரவுக்குமேல் பஞ்சிலிருந்து தானாகவே நீரை உறிஞ்சியது.

பத்து நாளில் தையல் பிரித்தார்கள். அதற்குள் குஞ்சுகளில் ஒன்றைக் காகம் கொண்டுபோயிற்று. இன்னொன்று தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தது. ஒன்பது மிஞ்சின. பஞ்சாரத்தைத் தூக்கியதும் ஒன்பதும் ஓடி வந்து தாயின் சிறகடியில் புகுந்தன. இத்தனை நாளில் அவை சற்றுப் பெரிதாகிவிட்டதால் பாதி வெளியிலேயே நின்றன.

இந்தக் கோழி பிழைத்ததைக் கொண்டு எல்லாக் கோழியையும் மடியில் வைத்துப் பிழைப்பிக்கலாம் என்று அன்பர்கள் எண்ணிவிடக்கூடாது. வெள்ளைக்கழிச்சல் என்று கிராமத்தில் சொல்லும் நோய் வேறு வகை. வெண்மையாகவோ பச்சையாகவோ கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சில கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால் இழுக்கும். ஒன்றில் கண்டால் சில நாளில் தெருவே காலியாகும். 1926ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தருகே கண்டறியப்பட்டதால் உலகம் அந்நகரின் பெயரால் இதை அழைக்கிறது. அதையடுத்த ஓரிரு ஆண்டுகளில் நம் இமயமலைச் சாரலில், குமாவோன் பகுதி இராணிக்கேத்திலும் காணப்பட்டதால் இங்கே இராணிக்கெட் நோய் என்பர். இது நச்சுயிரியால் வருவது. வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை. கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள் என்று நாட்டு மருந்து அரைத்துக் கொடுப்போர் உண்டு. அது நோயின் தொடக்கத்தில் உடலுக்குத் துணை நிற்கலாம், தடுப்பூசிக்கு மாற்றாகாது. கால்நடை பராமரிப்புத் துறையினர் ஆண்டுதோறும், பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில், ஊர் ஊராக வந்து புழக்கடைக் கோழிகளுக்கு இலவசமாகவே தடுப்பூசி போடுகிறார்கள். காலையில் கோழியைத் திறந்துவிடுவதற்கு முன்பே போய்விடுவது நல்லது. திறந்துவிட்ட பிறகு பிடிக்க ஊரே ஓடவேண்டும்.

ஒரே நாளில் காரணமின்றிப் பல கோழிகள் சாய்ந்தால் அவற்றைத் தொடாமல், மருந்தகத்துக்குச் செய்தி சொல்லுங்கள். இறந்ததைக் குளத்திலோ சாலையோரத்திலோ எறியாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கவேண்டும். அப்படிப்பட்ட நேரத்தில் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பது, அடுத்தவர் வீட்டுக் கூட்டுக்கு நெருப்பு வைப்பதற்குச் சமம்.

இரும்பைக்குப் புதுச்சேரி அருகில் இருப்பதால், அவ்வட்டாரத்து அன்பர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. புதுச்சேரியை அடுத்த குரும்பாபேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஊர் மருந்தகத்தில் இயலாத சிகிச்சைக்கு அங்கே வழி கேட்கலாம்.

அந்தப் பங்குனிக்குப் பிறகு அக்காள் வீட்டில் இரண்டு மாற்றங்கள். படத்திலிருந்து களைந்த சரத்தை அவர் உடனே வெளியே போடுவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து நூலை முழுவதும் உருவிச் சுருட்டித் தனியே ஒரு டப்பாவில் போடுகிறார். பூ மட்டும் வாழையடிக்குப் போகிறது. அப்புறம், கோயில் வாசலில் பூ விற்கும் பெண்ணிடம் வாழைநாரில் கட்டித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "நார் கிழிச்சு ஊறவச்சுக் கட்ட நேரமாவுது பெரியம்மா, முழத்துக்கு ரெண்டு ரூபா கூட ஆவும்" என்றாளாம். கொடுத்துத்தான் வாங்கி வருகிறார். சென்ற பிரதோஷத்தன்று குயில்மொழி அம்மைக்கு அவர் சாற்றியது அந்தச் சரந்தான். இப்போது தெருவில் மேலும் மூன்று வீட்டார் அதே பூவைக் கேட்பதால், அந்தப் பெண் முந்தின இரவே நார் ஊறப்போட்டுவிடுவதாகக் கடிதம் வந்திருக்கிறது.